ஓட்டுக் கேட்டுத் தோற்றார், தூது போய் ஜெயித்தார்

சினிமாவில் பெயர் வாங்கியவர் அடுத்து என்ன செய்வார்? முசரவாக்கம் டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கிளாஸைக் கீழே வைக்காமலே பதில் வரும்: கட்சி ஆரம்பிப்பார், இல்லையென்றால் இருக்கிற கட்சியில் சேருவார். காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகம் எழுதி, அதில் தானே வேஷம் கட்டி, ‘வேலைக்காரி’, ‘நல்லதம்பி’ என்று சினிமாவுக்கு வசனம் எழுதி, கடைசியில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த அண்ணா பிறந்த மண் இது. அவருக்குப் பின்னால் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, விஜயகாந்த், கமல்ஹாசன், 2024-இல் கட்சி தொடங்கிய விஜய் வரை எல்லோரும் போனது ஒரே ரோடு. கோடம்பாக்கத்தில் ஏறினால் கோட்டையில் இறங்க வேண்டும். நடுவில் வேறு நிறுத்தம் இருப்பதாக நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த நடு நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே ஒரு முழு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட நடிகை ஒருவர் இருந்தார். அவரும் முதலில் நம் ஊர் பாணியில் ஓட்டுக் கேட்டுத்தான் கிளம்பினார். மண்ணைக் கவ்வினார். அதன் பிறகு ஐக்கிய நாடுகள் சபை, ஆப்பிரிக்காவில் கானா, ஐரோப்பாவில் செக்கோஸ்லோவாக்கியா என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவின் வெளியுறவுப் பணியோடு தொடர்பில் இருந்தார். இரண்டு நாடுகளில் முழு அதிகாரம் பெற்ற தூதர். பெயர் ஷெர்லி டெம்பிள்.

சரோஜாக்களின் காலம்

ஷெர்லி 1928 ஏப்ரல் 23 அன்று கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பிறந்தார். மூன்று வயதில் கேமரா முன்னால் நின்றவர், ஆறு வயதில் உலகத்துக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹாலிவுட் வசூலில் அவருக்குத்தான் முதலிடம். பெரியவர்கள் எல்லாம் பின்னால்தான். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்து திரிந்த அமெரிக்கர்கள், டிக்கெட்டுக்குச் சில்லறை தேற்றிக்கொண்டு இந்தக் குழந்தையைப் பார்க்கப் போனார்கள். அவருடைய தலையில் 56 சுருள்கள் என்பது அந்தக் காலத்து ரசிகர்களுக்கு மனப்பாடம். தினம் ராத்திரி அம்மா உட்கார்ந்து சுருட்டிவிட்டவை அவை.

அந்த அலை மெட்ராஸுக்கும் வந்தது. 1937-இல் கே.சுப்ரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றே அழைத்தார்கள். படம் வந்ததும் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். உங்கள் குடும்பத்தில் எண்பத்தைந்தைத் தாண்டிய சரோஜா பாட்டி யாராவது இருந்தால், ஹாலிவுட்டின் சுருட்டை முடிக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பங்கு இருக்கக்கூடும்.

குழந்தை நட்சத்திரங்களுக்கு நேரும் எல்லாமே ஷெர்லிக்கும் நேர்ந்தது. ஸ்டூடியோ அவர் வயதில் ஒன்றைக் குறைத்தே விளம்பரம் செய்தது. உண்மையான வயது அவருக்கே பின்னால்தான் தெரிந்தது. வளர்ந்த பிறகு மவுசு குறைந்தது. 22 வயதில் சினிமாவை விட்டார். முப்பது லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தும் தன் கைக்கு மிஞ்சியது 44,000 டாலர்தான் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கணக்கைப் பார்த்துக்கொண்டது அப்பா. இரண்டாவது கணவர் சார்லஸ் பிளாக்கோடு குடும்பம், பிள்ளைகள், கொஞ்சம் டெலிவிஷன் என்று நாட்கள் போயின. கதை இங்கேயே முடிந்திருந்தால் அவர் பழைய நட்சத்திரங்கள் பட்டியலில் ஒரு வரி.

அங்கே சான் மேட்டியோ, இங்கே பரங்கிமலை

1967 என்றதும் நமக்கு நினைவில் வருவது ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கி. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் அந்தச் சுவரொட்டி. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் அவர் ஜெயித்தது. மார்ச் மாதம் அண்ணா முதல்வரானது. அதே ஜனவரியில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு நடிகர், ரொனால்ட் ரீகன், கலிபோர்னியாவின் ஆளுநராகப் பதவியேற்றிருந்தார். நடிகர்களுக்கு நல்ல ஆண்டு என்றுதான் ஷெர்லியும் நினைத்திருக்க வேண்டும்.

சான் மேட்டியோ பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் இறந்துபோக, நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இடைத்தேர்தல் வந்தது. ரீகனின் குடியரசுக் கட்சியிலேயே ஷெர்லி களமிறங்கினார். வயது 39. போன இடமெல்லாம் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கூட்டம் பார்க்க வந்தது ஆறு வயதுக் குழந்தையை. மேடை ஏறினால் வரவேற்பு வாத்தியக்காரர்கள் அவருடைய பழைய சினிமாப் பாட்டை வாசித்தார்கள். வியட்நாம் போர் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். ஷெர்லி போரை ஆதரித்தார். கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்ற பீட் மெக்ளாஸ்கி, கொரியப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். வியட்நாமில் இருந்து வெளியே வரவேண்டும் என்று பேசினார். நவம்பரில் நடந்த வாக்குப்பதிவில் மெக்ளாஸ்கி ஜெயித்தார்.

பரங்கிமலையில் செல்லுபடியான நாணயம் சான் மேட்டியோவில் ஏன் செல்லவில்லை? எம்.ஜி.ஆர். வெறும் முகத்தை வைத்து ஜெயித்தவர் இல்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தி.மு.க.வின் கொடியைப் படத்துக்குள் கொண்டுபோய், ஊர் ஊராக மன்றம் கட்டி வைத்திருந்தார். ஷெர்லியிடம் இருந்தது முகம் மட்டும். அதுவும் முப்பது வருஷத்துக்கு முந்தைய முகம்.

தோல்வி எல்லாருக்கும் வாசலை அடைப்பதில்லை என்பதற்குக் காஞ்சிபுரத்திலேயே சாட்சி உண்டு. 1962-இல் இதே காஞ்சிபுரம் தொகுதி, சொந்த ஊர்ப் பிள்ளையான அண்ணாவைத் தோற்கடித்தது. பேருந்து நிறுவனம் நடத்திய காங்கிரஸ் வேட்பாளர் ஜெயித்தார். அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். டெல்லியில் அவர் பேசிய கன்னிப் பேச்சு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் அன்றைக்கு ஓட்டுப் போட்டிருந்தால் அந்தப் பேச்சு சட்டமன்றத்தோடு நின்றிருக்கும்.

பிராகாவில் ஒரு ராத்திரி

ஷெர்லியின் அண்ணன் ஜார்ஜுக்கு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோய் இருந்தது. அந்த நோயாளிகளுக்காக இயங்கிய சர்வதேசக் கூட்டமைப்பின் சார்பில் 1968 ஆகஸ்டில் அவர் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குப் போனார். அந்த நாட்டையும் கூட்டமைப்பில் சேர்ப்பது திட்டம். சோவியத் பிடியைத் தளர்த்திச் சீர்திருத்தங்கள் செய்துகொண்டிருந்த தலைவர் அலெக்சாண்டர் டுப்செக்கைச் சந்திக்க நேரமும் குறித்திருந்தது. அதற்குள் ஆகஸ்ட் 20 ராத்திரி சோவியத் தலைமையிலான படைகள் எல்லை தாண்டின. விடிந்தபோது தெருவில் டாங்கிகள்.

ஹோட்டலில் சிக்கிக்கொண்ட ஷெர்லி மேலே ஏறிக் கீழே பார்த்தார். ஆயுதம் ஏதுமில்லாத ஒரு பெண் தெருவில் சுடப்பட்டு விழுந்தாள். ஆயுள் முழுக்க அந்தக் காட்சி தன்னை விடவில்லை என்று பின்னாளில் சொல்லிவந்தார். மறுநாள் வெளிநாட்டவர்களின் கார் வரிசையில் சேர்ந்து மேற்கு ஜெர்மனி எல்லையைக் கடந்தார். டுப்செக்கோடு குறித்த சந்திப்பு அப்படியே நின்றுபோனது. இன்னொரு நாட்டின் நெருக்கடி எப்படி இருக்கும் என்பதை ஹாலிவுட் செட்டில் கற்க முடியாது. அவர் அதைக் கண்ணால் கண்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு அதிபர் நிக்சன் அவரை ஐ.நா. பொதுச்சபைக்குச் செல்லும் அமெரிக்கக் குழுவில் சேர்த்தார். இதற்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். ஒரு விருந்தில் ஷெர்லி நமீபியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது நிக்சனின் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் காதில் விழுந்ததாம். அந்தப் பெயரே அப்போது பலருக்குத் தெரியாது. தென்மேற்கு ஆப்பிரிக்கா என்றுதான் சொல்வார்கள். ஒரு பழைய நடிகைக்கு நமீபியா தெரிந்திருக்கிறதே என்று கிஸ்ஸிங்கர் அசந்துபோனாராம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, ஷெர்லி அதை யாருக்கும் காட்டுவதற்காகப் படித்து வைத்திருக்கவில்லை என்பதுதான்.

1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய முதல் சுற்றுச்சூழல் மாநாட்டிலும் அமெரிக்கக் குழுவில் இருந்தார். இந்திரா காந்தி வறுமையையும் சுற்றுச்சூழலையும் இணைத்துப் பேசிய அதே மாநாடு. அந்த ஆண்டின் இறுதியில் ஷெர்லிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்த கையோடு பத்திரிகையாளர்களை அழைத்து வெளிப்படையாகச் சொன்னார். பெண்கள் தயங்காமல் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றார். புற்றுநோய் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுக் கதவைச் சாத்திய காலம். தூதராவதற்கு முன்னாலேயே, சங்கடமான உண்மையைச் சபையில் நிதானமாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

அக்ராவும் காஞ்சியும்

1974-இல் அதிபர் ஃபோர்டு அவரைக் கானாவுக்குத் தூதராக அறிவித்ததும் முணுமுணுப்பு எழுந்தது. ஆடிப்பாடிய பொம்மைக்குத் தூதரகத்தில் என்ன வேலை என்ற தொனி.

இந்தக் கேள்வியை வேறு யார் வேண்டுமானாலும் கேட்கலாம், காஞ்சிபுரத்துக்காரர்கள் கேட்கக் கூடாது. தமிழுக்குக் கிடைத்த மிகப் பழைய தூதுக் காட்சிகளில் ஒன்று காஞ்சித் தொண்டைமான் முன்னால் நடந்தது. தகடூர் அதியமானுக்காக வந்தவர் ஔவையார். பாடியும் ஆடியும் பிழைக்கும் விறலியாகவே அவரைப் புறநானூற்றில் ஒருவர் விளிக்கிறார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, மாலை சார்த்தி, வரிசை குலையாமல் ஆயுதங்கள். ஔவை வாயாரப் புகழ்ந்தார். இங்கே எல்லாம் எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் ஆள் வைத்திருப்பவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உன் வேல் போர்க்களம் பார்த்ததில்லை, அவன் வேல் பார்த்துப் பார்த்தே முறிந்தது என்று அர்த்தம். எதிராளி கோபப்பட முடியாது. பாராட்டு மாதிரியேதான் இருக்கிறது. குரல், முகபாவம், எங்கே நிறுத்துவது என்ற கணக்கு, இவை மூன்றும் இல்லாதவர் அந்தச் சபையில் அதைச் சொல்லித் தப்பித்திருக்க முடியுமா? வள்ளுவர்கூடத் தூதுக்கு வேண்டியவற்றை எண்ணும்போது அறிவு, கல்வியோடு தோற்றப் பொலிவையும் சேர்க்கிறார். அவரே அனுமதித்துவிட்டார்.

பல்லவர் காலத்திலும் காஞ்சிக்குத் தூது புதிதல்ல. இரண்டாம் நரசிம்மவர்மன் சீனத்துக்கு அனுப்பிய தூதருக்கு 720-இல் பூவேலைப் பட்டு அங்கி அளிக்கப்பட்டதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. பட்டுக்குப் பெயர்போன ஊருக்குப் பட்டே பரிசாக வந்திருக்கிறது.

கானாவுக்கு வருவோம். அங்கே அப்போது ஜெனரல் அச்சாம்பாங்கின் ராணுவ ஆட்சி. அமெரிக்காவை ஆப்பிரிக்க நாடுகள் சந்தேகத்தோடு பார்த்த காலம். 1976-இல் கிஸ்ஸிங்கர் கானாவுக்கு வரவேண்டிய பயணம் கடைசி நேரத்தில் ரத்தானது. அச்சாம்பாங்குக்கு உடல்நலமில்லை என்று காரணம் சொன்னார்கள். ஒரு தூதருக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. சொந்த நாட்டு வெளியுறவு அமைச்சரையே வரவேண்டாம் என்று சொல்லும் அரசோடு, மறுநாள் காலையில் கைகுலுக்கிப் பேச்சைத் தொடர வேண்டும்.

ஷெர்லி தொடர்ந்தார். வெள்ளைக்காரச் சிறுமியும் கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனும் கைகோத்துப் படிக்கட்டில் ஆடிய 1935-ஆம் ஆண்டின் ‘தி லிட்டில் கர்னல்’ ஹாலிவுட்டுக்கே புதிது. அந்தச் சிறுமிதான் இப்போது கானா தலைநகர் அக்ராவில் தூதர். அங்கே அவருடைய கடந்த காலம் சுமையாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

அங்கிருந்து திரும்பியதும் அரசு விருந்தினர்களை வரவேற்கும் நெறிமுறைத் துறைக்குத் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 1980-களில் ரீகன் ஆட்சியில் அவருக்குக் கிடைத்த வேலைதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையாகப் படுகிறது: புதிதாக நியமிக்கப்படும் தூதர்களுக்குப் பாடம் நடத்துவது. எந்த நடிகையின் நியமனத்தைப் பார்த்துச் சிரித்தார்களோ, அவர் முன்னால் பெட்டி கட்டிய தூதர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். 1987-இல் வெளியுறவுத் துறை அவரைக் கௌரவ வெளியுறவுப் பணி அதிகாரியாக அறிவித்தது. அந்த மரியாதை அதற்கு முன்னால் யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை.

மறுபடியும் பிராகா

1989 ஆகஸ்ட். அதிபர் மூத்த புஷ் அவரைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கே அனுப்பினார். டாங்கி வந்த அதே ஊர், அதே மாதம், 21 ஆண்டுகள் கழித்து. ஆட்சியில் இருந்தது படையெடுப்புக்குப் பின் உட்கார வைக்கப்பட்ட கூட்டம். ஷெர்லி டெம்பிள் பிளாக் என்ற பெயரின் ரோமன் முதலெழுத்துகளும் அந்த நாட்டு ரகசியப் போலீஸின் சுருக்கப் பெயரும் ஒன்றாகவே இருந்தன. அவருக்கு அது நல்ல ஜோக்.

மூன்று மாதத்தில் எல்லாம் தலைகீழானது. நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்க, ஊரே தெருவுக்கு வந்தது. எதிர்ப்பாளர்கள் பக்கம்தான் தன் அனுதாபம் என்பதை ஷெர்லி மறைக்கவில்லை. டிசம்பர் 28 அன்று டுப்செக் நாடாளுமன்றத் தலைவர். 29 அன்று வாக்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவர். ஹாவெல் நாடகாசிரியர், ஜெயிலுக்குப் போய் வந்தவர். நாடகக்காரர் நாட்டை ஆள, நடிகை தூதராக எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது உலகத்துக்கு வியப்பாக இருந்திருக்கலாம். அண்ணாவின் ஊருக்கு அதில் வியப்பு பாதிதான்.

1990 பிப்ரவரியில் ஹாவெல் முதல்முறையாக வாஷிங்டன் போனபோது, ஷெர்லியும் அதே விமானத்தில் கூடவே போனார். தூதர்கள் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. நேற்றுவரை ஜெயிலில் இருந்த ஒருவரை அமெரிக்க நாடாளுமன்றம் வரை கூட்டிப்போய் நிறுத்துவதில் தன் முகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறியில் உட்கார்ந்தவர் உடலை ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் கரைக்கான நாடாவை எறிய, இழைக்கு இழை கோத்தால்தான் இரண்டும் ஒரு துணி. ஷெர்லி விஷயத்திலும் நட்சத்திரம் ஒரு நிறம், தூதர் வேறு நிறம். 1967-இல் இரண்டையும் ஒட்டுப்போட்டுப் பார்த்தார், பிரிந்துவிட்டது. ஐ.நா., அக்ரா, நெறிமுறைத் துறை என்று இருபது ஆண்டு கோத்த பிறகு, பிராகாவில் யாராலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நடிகர் என்றாலே இப்படி அமைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் நடித்த ஜான் கேவினை 1981-இல் ரீகன் மெக்ஸிகோவுக்குத் தூதராக அனுப்பினார். காகிதத்தில் பார்த்தால் கேவின் ஷெர்லியைவிடப் பொருத்தம்: அம்மா வழியில் மெக்ஸிகோ ரத்தம், சரளமான ஸ்பானிஷ், லத்தீன் அமெரிக்கப் பொருளாதார வரலாற்றில் படிப்பு, கடற்படையில் வேலை. ஆனால் மெக்ஸிகோக்காரர்கள் அவரை ரம் விளம்பரத்தில் பார்த்திருந்தார்கள். பத்திரிகைகள் அதை வைத்தே கிண்டலடித்தன. ஐந்தாண்டுகள் தாக்குப்பிடித்தார், உரசல்களோடுதான். பாஷை தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

நம்மிடம் இருந்தவர்

இந்தியாவில் நெருங்கி வந்தவர் வினோத் கன்னா. 2003 ஜனவரி முதல் வாஜ்பாய் அரசில் வெளியுறவுத் துறை இணை அமைச்சர். அவரும் குர்தாஸ்பூரில் ஓட்டு வாங்கித்தான் அந்த அறைக்குள் போனார். தூதரகப் பணி அது அல்ல. த்ரிஷா 2017-இல் யுனிசெஃப் பிரதிநிதியானது போன்ற கௌரவங்கள் நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ராணுவ ஆட்சியாளரிடம் போய் வேண்டாத செய்தியைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஒருவர் இருந்தார். 1960-இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தது. எகிப்தும் இந்தியாவும் அணிசேரா இயக்கத்துக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெள்ளைக்காரனை எதிர்த்த தமிழ்ப் பாளையக்காரனுக்கு கெய்ரோவில் கைதட்டல். 1962-இல் அமெரிக்க அரசே அவரை விருந்தினராக அழைத்தது. நயாகரா நகரம் ஒருநாள் மேயராக்கிச் சாவியைக் கையில் கொடுத்தது. பிற்பாடு பிரான்ஸ் செவாலியே விருது தந்தது. மூன்று நாடுகளுக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது. நாம் அவரை என்ன செய்தோம்? மேடைக்கு மேடை பிரசாரத்துக்கு இழுத்தோம், ஒரு தவணை மாநிலங்களவையில் உட்கார வைத்தோம். தனிக்கட்சி ஆரம்பித்து 1989 ஜனவரியில் திருவையாற்றில் நின்றவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினோம். ஷெர்லி பிராகாவுக்குப் பெட்டி கட்டிய அதே ஆண்டு.

சட்டம் தடுத்தது என்று சொல்ல முடியாது. தூதர் பதவி பெரும்பாலும் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளுக்கே என்றாலும், வெளியாட்களை அனுப்பும் வழக்கம் நேரு காலத்திலேயே உண்டு. காஞ்சிபுரத்துக்கு எட்டும் தூரத்துத் திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் 1949-இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போய் ஸ்டாலினையே நேரில் சந்தித்தார். பத்திரிகைக்காரராக இருந்த ஜி.பார்த்தசாரதி பீக்கிங்கில் தூதர். 1965 போரின்போது ஐ.நா.வில் இந்தியாவின் குரல். பேராசிரியர் போகலாம், பத்திரிகையாளர் போகலாம், ஓய்வு பெற்ற ஜெனரல் போகலாம். நடிகர் என்றால் மட்டும் டெல்லிக்குச் சிரிப்பு வருகிறது. சென்னைக்கோ ஓட்டு ஞாபகம் வருகிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய தடையாகப் படுகிறது. நட்சத்திரம் என்றாலே தொகுதிக் கணக்குப் போடுகிற ஊரில், அக்ராவுக்கு அனுப்பினால் என்ன என்று யோசிக்கிற ஆள் எந்தக் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறார்?

ஷெர்லி 1992-இல் பிராகாவை விட்டுக் கிளம்பினார். அடுத்த ஜனவரியில் அந்த நாடே இரண்டாகப் பிரிந்தது. 2014 பிப்ரவரி 10 அன்று 85 வயதில் அவர் காலமானபோது, உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் சுருட்டை முடிக் குழந்தையின் படம். அவர் எழுதிய சுயசரிதை ‘சைல்ட் ஸ்டார்’ 1988-இல் வந்தது. அதில் சினிமாக் காலம் விலாவாரியாக இருக்கிறது, தூதர் வாழ்க்கை இல்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அதே பிராகாவில் பின்னாளில் அமெரிக்கத் தூதராக இருந்த நார்மன் ஐசன் அந்தத் தூதர் மாளிகையைப் பற்றி எழுதிய புத்தகத்தைத்தான் தேட வேண்டும்.